நாற்பத்திரண்டுக்கு எதிர் அறை

என் மனைவி சுமியோ பெட்டி கட்டியதைப் பார்த்திருந்தால் அவள் உல்லாசக் கப்பலில் ஊர் சுற்றக் கிளம்புகிறாள் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கப்பல் மூழ்கப்போகிற தகவல் அவளுக்கு மட்டும் முன்கூட்டியே வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நல்ல துணி, விருந்துக்குப் போட வேண்டிய கோட்டு, பளபளக்கும் செருப்பு எல்லாம் பெரிய பெட்டிக்குள் போயின. அந்தப் பெட்டியின்மேல் அவளுக்கு மரியாதையே கிடையாது. ஆபத்து நேரத்தில் அதை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? நிஜமான சாமான்கள் ஒரு சிவப்பு முதுகுப்பைக்குள் போயின. மாற்றுத்துணி, என் இரத்த அழுத்த மாத்திரை, அவளுடைய ஆஸ்துமா மருந்து, டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி, தண்ணீர் புகாத உறையில் பாஸ்போர்ட், கடைசியாகக் கம்பளித் தொப்பி. தெற்கே வெயில் தேசத்துக்குப் போகிறோம், தொப்பி எதற்கு என்று கேட்டேன். கடலில் விழுந்தவர்களைத் தண்ணீரைவிடக் குளிர்தான் முதலில் கொல்லும் என்று பதில் வந்தது.

"அப்ப அங்க டான்ஸ் ஆடறன்னிக்கும் இந்த மூட்டையை முதுகுல மாட்டிக்கிட்டுத்தான் ஆடுவியா?" என்றேன்.

"ஆடப்போறது நீங்க. நான் கதவுப் பக்கமா உட்கார்ந்திருப்பேன்."

சொன்னபடியே செய்கிறவள் அவள். கோபே நகரத்தைப் பூகம்பம் தாக்கிய நாளிலிருந்து எங்கே போனாலும் கதவுப் பக்கமாகத்தான் உட்காருவாள். அன்று விடியும் முன் நான் ஓட்டும் டாக்ஸியில் யாரையோ இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருவுக்கு ஓடிவந்து பார்த்தால் எங்கள் வீட்டு மாடி தரையில் உட்கார்ந்திருந்தது. கீழ்த்தளம் இருந்த இடமே தெரியவில்லை. அதற்குள் அவள் இருந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கையில் அகப்பட்ட சீப்பால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்தார்கள். சாயங்காலம் வெளியே எடுத்தபோது அவள் என்ன செய்தாள் தெரியுமா? இரவு உடுப்போடு நடுத்தெருவில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படும்படி வணங்கி, "எல்லாருக்கும் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்றாள். தோண்டியவர்களில் ஒருவருடைய மகன் அப்போது இன்னும் மண்ணுக்கடியில் இருந்தான். அவரும் பதிலுக்குக் குனிந்து வணங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு தலைமாட்டில் செருப்பு வைக்காமல், கழுத்தில் விசில் மாட்டாமல், சின்ன விளக்கு எரியாமல் அவள் தூங்கியதில்லை. இருட்டு அவளுக்கு ஆகாது. அதை வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. விளக்கை அணைக்கப் போனால், தண்ணீர் குடிக்க எழுந்தால் தடுக்கும் என்பாள்.

இப்படிப்பட்டவள் ஜன்னல் இல்லாத அறையைத் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம்.

கோபேயின் சன்னோமியாவில் பயண ஏஜென்சிப் பெண் கப்பலின் வரைபடத்தை மேசையில் விரித்தாள். அறை கப்பலின் நடுவில் இருக்க வேண்டும், ரொம்ப மேலேயும் கூடாது ரொம்பக் கீழேயும் கூடாது, படிக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், லிஃப்டை நம்புவதற்கில்லை என்று சுமியோ சொல்லிக்கொண்டே போக, அந்தப் பெண்ணுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது. தேடிப் பார்த்ததில் அப்படி இரண்டு அறைகள்தான் மீதி இருந்தன, நடைவழிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒன்றில் கடலைப் பார்த்த பால்கனி உண்டு. மற்றது உள்ளறை, நான்கு புறமும் சுவர். பால்கனி அறையை அதே கட்டணத்துக்குத் தருவதாக அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். ஏன் என்று எண்ணைப் பார்த்ததும் புரிந்தது. கடைசி இரண்டு இலக்கங்கள் நான்கும் இரண்டும்.

எங்கள் ஜப்பானிய மொழியில் நான்கு என்றால் ஷி. சாவுக்கும் அதே சொல்தான். நான்கையும் இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஷி-நி, சாக என்று காதில் விழும். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் அந்த எண்ணை வைக்கவே மாட்டார்கள். இது வெள்ளைக்காரன் கட்டிய கப்பல், அவனுக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். எதிர் உள்ளறையின் எண்ணோ முப்பத்தொன்பதில் முடிந்தது. சான்-க்யூ. ஆங்கிலத்தில் நன்றி சொல்வதுபோல ஒலிப்பதால் கடைக்காரர்கள்கூடத் தேடிப் பிடித்து வாங்கும் எண்.

"ஜன்னல் வேணாமா உனக்கு?" என்று கேட்டேன். "ராத்திரி விளக்கு இல்லாம இருக்க மாட்டியே."

"விளக்கை எடுத்துட்டு வர்றேன். ஜன்னல் வழியா யாராவது கப்பலை விட்டு வெளிய போக முடியுமா? கதவும் படியும்தான் முக்கியம். சாவுங்கற பேரை வாசல்ல எழுதி வெச்சுக்கிட்டு எப்படிங்க தூங்கறது?"

நாலு விதத்தில் எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. கடலைப் பார்க்கப் போகிறவர்கள் கடல் தெரியாத அறையில் படுப்பார்களா என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். அவள் முகத்தில் பெரிய காரியத்தை முடித்த நிம்மதி.

கப்பலில் ஏறிய அன்றே ஒத்திகை ஆரம்பித்துவிட்டது. கப்பல்காரர்கள் நடத்தியது ஒன்று, சுமியோ நடத்தியது மற்றொன்று. கண்ணை மூடிக்கொண்டு, நடைவழிக் கைப்பிடியைத் தடவியபடி, கதவுகளை விரலால் எண்ணிக்கொண்டே படிக்கட்டு வரை போய்த் திரும்புவாள். புகை சூழ்ந்தாலும் விளக்கு அணைந்தாலும் வழி தெரிய வேண்டுமாம். என்னையும் நடக்கவிட்டாள். நான் நேராக எதிர் அறைக் கதவில் போய் மோதினேன். திறந்த பெண்மணி சிரித்துக்கொண்டே யாரைத் தேடுகிறீர்கள் என்றார். சப்போரோவிலிருந்து கணவரோடு வந்திருந்த குராமோச்சியம்மா. கடைசியில் நாற்பத்திரண்டை எடுத்தவர்கள் அவர்கள்தான்.

"எண்ணுல என்னங்க இருக்கு?" என்றார் அவர். "எங்க வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அவருக்கு எல்லா எண்ணும் புள்ளைங்க மாதிரி."

அவர் தோளுக்குப் பின்னால் அறை முழுக்க வெயில் நிறைந்திருந்தது. அதற்கும் அப்பால் கடல் தெரிந்தது. சுமியோ பார்க்காததுபோல நின்றாள்.

பயணம் நன்றாகவே நடந்தது. நான் ஆடினேன், அவள் கதவுப் பக்கமாக உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு கை தட்டினாள். திரும்பும் கடைசி மாலை, கப்பல்களின் வழக்கப்படி எல்லோரும் பெட்டியைக் கட்டி நடைவழியில் வைத்தார்கள். ஆட்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள், மறுநாள் துறைமுகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு வீடுதானே என்று மாத்திரையைக்கூடப் பெட்டியில் போட்டு அனுப்பியவர்கள் பலர். சுமியோவின் சிவப்புப் பை மட்டும் அவள் தோளை விட்டு இறங்கவில்லை.

மறுநாள் யாரும் இறங்கவில்லை. வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கிப் போன பயணிக்கு அப்போது உலகமெங்கும் பரவத் தொடங்கியிருந்த புதுத் தொற்றுக் காய்ச்சல் இருந்தது தெரிந்து, கோபே துறைமுகத்துக்கு வெளியே கப்பலை நிறுத்திவிட்டார்கள். அவரவர் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், மறு அறிவிப்பு வரும்வரை கதவைத் தாண்டக் கூடாது என்று ஒலிபெருக்கி சொன்னது. பெட்டிகள் எந்தத் தளத்தில் குவிந்து கிடந்தனவோ, சீக்கிரத்தில் வரவில்லை. நடைவழியில் மாத்திரை மாத்திரை என்று மன்றாடும் குரல்கள். எங்கள் அறையில் எல்லாம் இருந்தது, உடுத்த மாற்றுத்துணி, மருந்து, பல்துலக்கி, உப்பில் ஊறிய உமே காய் ஒரு டப்பா. அன்று அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக ஆயுசு முழுக்கக் கேலி வாங்கிக்கொள்ளலாம். நானும் இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்து வணங்கினேன். சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்தது அதுதான் கடைசி.

எல்லா ஆபத்துக்கும் தயாராக இருந்தாள். கப்பல் தீப்பிடித்தால், சாய்ந்தால், பாறையில் மோதினால் வெளியே ஓட வழி வைத்திருந்தாள். வெளியே போகாதே என்று சொல்லும் ஆபத்தும் ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியது? பக்கத்திலேயே படிக்கட்டு. அதில் கால் வைக்கக் கூடாது.

முதல் சில நாள் தொலைக்காட்சி காப்பாற்றியது. கப்பலின் முன்பக்கக் கேமரா காட்டுவதை ஒரு சேனலில் ஓயாமல் போடுவார்கள். அதை ஜன்னல் என்று பெயர் வைத்துப் போட்டே வைத்திருந்தோம். எங்கள் ஊர் அதில் தெரிந்தது. ரொக்கோ மலை, அதன் அடிவாரத்தில் வீடுகள், எங்கள் வீடு இருக்கும் சரிவு. நேராக நீந்தினால் போய்விடலாம் போலிருந்தது. அந்தச் சின்னத் திரையின் முன் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு தூங்க மறந்தாள். விளக்கையெல்லாம் போட்டு வைத்தும், டார்ச்சையும் எரியவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். காற்று இல்லை, காற்று இல்லை என்று கூரையின் காற்றுத் துவாரத்துக்குக் கீழே போய் நிற்பாள். மாற்று பேட்டரியும் தீர்ந்த பிறகு, செத்த டார்ச்சைக் கையை விட்டு வாங்க முடியவில்லை. சில நேரம் சீப்பை எடுத்துக் கட்டில் சட்டத்தில் தட்டினாள். என்ன செய்கிறாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள்.

வரவேற்புப் பிரிவுக்குப் போன் போட்டு ஜன்னல் உள்ள அறை கேட்டேன். மிகவும் வருந்துகிறோம் என்று அவ்வளவு மரியாதையாக மறுத்தார்கள். ஜன்னல் இல்லாதவர்களைக் கொஞ்ச நேரம் மேல்தளத்தில் நடக்கவிடப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் முறை வந்த அன்று மழையும் காற்றும், ரத்து செய்துவிட்டார்கள்.

வெளிச்சம் வந்தது ஒரே ஒரு வழியில்தான். சாப்பாடு கொண்டுவருகிற ஆள் கதவைத் தட்டுவார். நாங்கள் திறக்கும் அதே நேரம் எதிர்க் கதவும் திறக்கும். நாற்பத்திரண்டிலிருந்து வெயில் நடைவழியைத் தாண்டி எங்கள் அறைக் கம்பளத்தின்மேல் வந்து விழும். தட்டை வாங்கும் அளவு நேரம். அவ்வளவுதான், இரு கதவும் மூடிவிடும். சுமியோ சாப்பாட்டைத் தொடுவதில்லை, ஆனால் சாப்பாட்டு வேளைக்கு வாசலில் போய் உட்காருவாள். வெயில் விழுந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். முகக்கவசம் போட்ட அந்த ஆள் அவள் கையை மிதிக்காமல் ஒதுங்கி நிற்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. குராமோச்சியம்மாவுக்குப் போன் செய்து கதவை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம்," என்றாள். "அவங்களே பயந்து போய் இருப்பாங்க. கதவைத் திறந்து வையுங்கன்னு கேட்டா மறுக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. தொந்தரவு."

"நீ செத்தா எனக்குத் தொந்தரவு இல்லையா?"

கேட்டுவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று உணர்ந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிப்பக்கம் முப்பத்தொன்பது என்று எழுதிய எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்," என்றாள். "சாவுங்கற எண்ணுக்குள்ளதான் வெயில் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாற்பது வருடமாக அவளிடமிருந்து கேட்க ஆசைப்பட்ட வாக்கியம் அது, நீங்கள் சொன்னது சரி என்பது. வந்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

காய்ச்சலை அவள் மறைத்தாள். காலையில் போனில் உடல்சூட்டைக் கேட்கும் நர்சிடம் சாதாரணமாகத்தான் இருக்கிறது என்பாள். எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள், டாக்டர்கள் தூங்குவதே இல்லையாம், நமக்காக வேறு ஓட வைப்பதா என்பாள். இரண்டு நாள் அப்படி ஓட்டினாள். ஆஸ்துமா மருந்தை உறிஞ்சியும் மூச்சு சீழ்க்கையடிக்க ஆரம்பித்தபோது நான் அவளைக் கேட்கவில்லை, போனை எடுத்துக் கத்தினேன்.

வெள்ளை உடையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு இருவர் சக்கர நாற்காலியோடு வந்தார்கள். கூட வர அனுமதியில்லை என்றார்கள், எந்த ஆஸ்பத்திரி என்பதும் இன்னும் தெரியாதாம். சுமியோ செருப்பைப் போட்டுக்கொண்டாள். சிவப்புப் பையை எடுக்கப் போனேன், தடுத்தாள். உங்கள் மாத்திரை அதில்தான் இருக்கிறது என்றாள். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள்.

"எங்கயாவது மாட்டிக்கிட்டா கத்தாதீங்க. தொண்டை கட்டிப்போயிடும். மூணு தடவை ஊதுங்க, நிறுத்துங்க, மறுபடி மூணு தடவை. யாராவது வருவாங்க."

நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கைப்பிடியைத் தடவி, கதவு கதவாக விரலால் தொட்டு எண்ணியபடி நடந்தாள். வெள்ளை உடைக்காரர்கள் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்கள். சரியாகப் படிக்கட்டின் முன்னால் போய் நின்று கண்ணைத் திறந்தாள். அவர்கள் அவளை லிஃப்டுக்குள் அழைத்துப்போனார்கள்.

அவளைச் சேர்த்தது மலைகளுக்கு அந்தப் பக்கம், வேறு மாவட்டத்து ஆஸ்பத்திரியில். ஒரே ஒரு தடவை பேசினேன், நர்ஸ் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஜன்னல் இருக்குங்க," என்றாள். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினாள். "பெருசு. மலை தெரியுது."

எந்த மலை என்று கேட்டேன்.

"தெரியல. நர்ஸைக் கேட்கலாம்னு பார்த்தேன். பாவம், வேலையா இருக்காங்க."

மறுநாள் சுவாசக் குழாய் போட்டுத் தூங்க வைத்துவிட்டார்கள். அதன் பிறகு எழவில்லை.

செய்தி சொன்ன டாக்டருக்குச் சின்ன வயதுக் குரல். நான் இறங்கும் நாள் இன்னும் வரவில்லை என்பதால் பார்க்க முடியாது, தொற்று என்பதால் காத்திருக்கவும் முடியாது, அவர்களே எரித்து அஸ்தியை அனுப்பிவைப்பார்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எலும்பைப் பொறுக்கிக் கலசத்தில் போடுவது வீட்டார் செய்ய வேண்டியது. கால் எலும்பில் ஆரம்பித்துத் தலைவரை, கலசத்துக்குள் மனிதர் தலைகீழாகக் கிடக்காதபடி வைக்க வேண்டும். அதை யார் செய்வார்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ரொம்ப நன்றி, சிரமம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மத்தியானச் சாப்பாடு வந்தது. கதவைத் திறந்தேன். எதிர்க் கதவு திறந்தது, கம்பளத்தில் வெயில் விழுந்தது. இந்தத் தடவை மூடவே இல்லை. அந்த ஆள் போன பிறகும் குராமோச்சியம்மா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். சுமியோ இறந்துபோனது அவருக்குத் தெரியாது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டம்மா வெயிலில் கையை வைத்துப் பார்த்ததை நேற்றுதான் அந்தச் சாப்பாட்டுப் பையன் சொன்னான், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாள் முழுக்கத் திறந்தே வைத்திருப்பேனே என்றார். நான் கதவை மூடினேன்.

விளக்கை எல்லாம் அணைத்தேன். தொலைக்காட்சியையும் அணைத்தேன். அந்த அறையில் இருட்டு எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. கையைக் கண்ணுக்கு நேராக நீட்டினால் கை இல்லை. இதற்குள்தான் அவள் கண்ணை மூடும்போதெல்லாம் இருந்திருக்கிறாள், நான் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு. எனக்கு அவள்மேல் அவ்வளவு கோபம் வந்தது. எண்ணுக்குப் பயந்தவள், மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்கப் பயந்தவள், எல்லா ஆபத்துக்கும் பை கட்டிவிட்டு இந்த ஒன்றுக்கு என்னைத் தனியாக விட்டுப் போனவள்.

விசிலை வாயில் வைத்தேன். மூன்று தடவை ஊதினேன். நிறுத்தினேன். மறுபடி மூன்று தடவை. அந்தச் சின்ன அறையில் காதே கிழிந்தது. ஊதிக்கொண்டே இருந்தேன். யாராவது வருவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். நிறுத்தும்போதெல்லாம் நடைவழியில் காலடி கேட்கிறதா என்று கவனித்தேன்.

போன் அடித்தது.

"நிஷிவாக்கி ஐயா, கூப்பிடறதுக்கு மன்னிக்கணும்," என்றது வரவேற்புப் பிரிவிலிருந்து ஒரு மென்மையான குரல். "பக்கத்து அறைகள்ல உடம்பு முடியாதவங்க படுத்திருக்காங்க. அந்தச் சத்தத்தை மட்டும் கொஞ்சம்… தயவு பண்ணி…"

எங்கள் ஊரில் போனுக்கும் குனிவோம். கட்டிலிலிருந்து இறங்கி, இருட்டில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தேன்.

"எல்லாருக்கும் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்," என்றேன். "மன்னிச்சுக்கோங்க."